கொள்ளிப்பாக்கை கண்டு வருவோம்

மெட்டுகுடாவிலும் அதனை அடுத்த லாலாகுடா, தார்நாக்கா பகுதிகளிலும் வாழும் நம்மவர் இல்லங்களில் விடுமுறை என்ற சொல்லுக்கு ஒரே பொருள்தான் உண்டு. அஃது ஊருக்குச் செல்லுதல். பள்ளி மூடும் நாளைக் கணக்கிட்டு முன்கூட்டியே இருக்கை பதிவு செய்து விடுகிறோம். பாஸ் உள்ளவர் பாஸில் செல்கின்றனர். இல்லாதவர் மாதந்தோறும் சிறிது சிறிதாகச் சேர்த்து வைத்தேனும் செல்கின்றனர். பெற்றோரையும் குலதெய்வத்தையும் கண்டு வருதல் கடமையே. அதனை எவரும் குறை கூறார். ஆயினும், ஆண்டின் எஞ்சிய பதினொரு மாதங்களும் நாம் உண்டு உறங்கி வாழ்கின்ற இந்நாட்டைப் பற்றி நம் வீடுகளில் நிகழும் பேச்சு யாது? தண்ணீர் வரும் நேரம், காய்கறி விலை, பணிமுறை மாற்றம் என்ற அளவில் அது நின்றுவிடுகிறது. இங்கேயே பிறந்து இங்கேயே பயிலும் நம் பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோயிலின் பெருமையை அறிவர். தாம் பிறந்த மண்ணின் பெருமையைக் கேட்டாலோ, சார்மினார் என்ற ஒரு சொல்லுக்கு அப்பால் அவர்கட்கு விடை கிடைப்பதில்லை. காட்டினால் அன்றோ காண்பர்!

ஆதலின், நம் பகுதியிலிருந்து விடியலிற் புறப்பட்டு இரவுக்குள் வீடு திரும்பத்தக்க ஒரு சிற்றூரைப் பற்றியும், அதனைச் சூழ்ந்துள்ள காட்சிகளைப் பற்றியும் நம் சங்கத்து அன்பர்களுக்கு எழுத விழைகின்றேன். ஊரின் பெயர் கொலனுபாக்கா. குல்பாக் என்றும் வழங்குவர். தெலங்கானா மாநிலத்து யாதாத்திரி புவனகிரி மாவட்டத்தில், ஆலேர் வட்டாரத்தில் உள்ளது. வயலும் பனையும் ஓட்டு வீடுகளும் கொண்ட எளிய ஊர். எத்தனையோ ஊர்கள் இருக்க இதனை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. இவ்வூரின் பெயர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே தமிழ்க் கல்வெட்டில் ஏறிவிட்டது.

கல்லில் ஏறிய பெயர்

கங்கைகொண்ட சோழன் என்று நாம் போற்றும் முதலாம் இராசேந்திரன் 1012 முதல் 1044 வரை ஆண்டவன். அவனுடைய கல்வெட்டுகளின் முகப்பில் அவன் வெற்றிகளைத் தொகுத்துரைக்கும் மெய்க்கீர்த்தி உண்டு. கங்கையும் கடாரமும் அதில் வருவதை நாம் பள்ளியிற் படித்திருக்கிறோம். அவற்றிற்கு முன்னர், அவன் தொடக்க காலத்து வெற்றிகளாக நான்கு பெயர்கள் வருகின்றன: இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம். இடைதுறை நாடு என்பது கிருஷ்ணைக்கும் துங்கபத்திரைக்கும் இடைப்பட்ட இராய்ச்சூர்ப் பகுதி. வனவாசி கருநாடகத்தில் உள்ளது. மண்ணைக்கடக்கம் இராட்டிரகூடரின் பழைய தலைநகராகிய மானியகேடம். சுள்ளி மரங்கள் சூழ்ந்த மதிலை உடையது என்று அம்மெய்க்கீர்த்தி சிறப்பிக்கும் கொள்ளிப்பாக்கையே இன்றைய கொலனுபாக்கா என்பது வரலாற்றறிஞர் துணிபு.

அக்காலத்தில் அது சிற்றூர் அன்று. கல்யாணியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட மேலைச் சாளுக்கியரின் ஆட்சியில், கொள்ளிப்பாக்கை ஏழாயிரம் என்னும் பெருநாட்டுக்கு அதுவே தலையூர். இராசேந்திரனுக்குப் பின்னர் அவன் மகன் முதலாம் இராசாதிராசனும் இப்பக்கம் படை கொண்டு வந்தான். கொள்ளிப்பாக்கையைத் தீக்கு இரையாக்கிய செய்தியை அவன் மெய்க்கீர்த்தி பெருமிதத்துடன் கூறுகிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து இவ்வூர் நேர்கோட்டில் அளந்தாலே 700 கிலோமீட்டருக்கு மேல். அத்துணைத் தொலைவு யானையும் குதிரையும் காலாளும் நடந்து வந்து இவ்வூரைக் கொளுத்தித் திரும்பினர் என்பதை எண்ணுங்கால் வியப்பும் உண்டாகிறது. உள்ளத்தில் ஒரு நெருடலும் உண்டாகிறது.

மெய்க்கீர்த்தி வென்றவர் எழுதுவித்தது. அதில் ஊரின் மதில் இருக்கிறது, தீ இருக்கிறது, அத்தீயில் வீடிழந்தவர் எவரும் இல்லை. அவர்களையும் நினைக்க வேண்டுமாயின் ஊருக்கே செல்ல வேண்டும்.

படையெடுப்பு ஒரு வழிப் பாதையாக நின்றதும் இல்லை. ஓரங்கல்லைத் தலைநகராக்கித் தெலுங்கு நாட்டை ஆண்ட காகதீயரில் கணபதிதேவனின் 1249-ஆம் ஆண்டுக் கல்வெட்டு காஞ்சி ஏகாம்பரநாதர் கோயிலில் உள்ளது. பிரதாபருத்திரனின் படைத்தலைவன் முப்பிடி நாயகன் 1316-ல் காஞ்சியைக் கைக்கொண்டான். நாம் இங்கு வந்ததும் அவர் அங்கு வந்ததும் முற்காலத்தில் வேலும் வாளும் ஏந்தித்தான். இன்றோ அவர் அங்கும் நாம் இங்கும் பிழைப்புக்காக வந்து, பக்கத்து வீட்டாரிடம் மோருக்கு உறை கேட்டு வாழ்கிறோம். இம்மாற்றம் எவ்வளவு பெரிது என்பது கொலனுபாக்காவில் நிற்கும்போது விளங்கும்.

செல்லும் வழி

சிகந்தராபாத்திலிருந்து காசிப்பேட்டை நோக்கிச் செல்லும் தடம் பழமையானது. நிஜாம் ஆட்சியில் இத்தடம் 1886-ல் வாரங்கல்லையும், 1889-ல் விஜயவாடாவையும் எட்டியது. மௌலாலி, செர்லப்பள்ளி, கட்கேசர், பீபிநகர், புவனகிரி, முன்னர் இராயகிரி என்று வழங்கிய யாதாத்திரி நிலையம், வங்கப்பள்ளி என்று தாண்டினால் ஆலேர். அங்கு இறங்கி ஆறு கிலோமீட்டர் வடக்கே சென்றால் கொலனுபாக்கா. ஆலேரிலிருந்து ஆட்டோ கிடைக்கும். விரைவு வண்டிகள் எல்லாம் ஆலேரில் நில்லா. நிற்கும் வண்டி எது, திரும்பும் வண்டி எது என்று நிலையத்தில் கேட்டு அறிந்துகொண்டு புறப்படுதல் நலம். சாலை வழி செல்வோர் உப்பல் வழியாக வாரங்கல் நெடுஞ்சாலையைப் பற்றிச் செல்லலாம். மொத்தத் தொலைவு ஏறத்தாழ 80 கிலோமீட்டர்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாலையிற் புறப்பட்டுச் சென்னைக்குச் செல்லும் சார்மினார் விரைவு வண்டி இத்தடத்தின் வழியேதான் போகிறது. மூட்டைகளை இருக்கைக்கு அடியில் தள்ளி, புளியோதரைப் பொட்டலத்தை நாம் அவிழ்க்கும் வேளையில் ஆலேர் நிலையம் பின்னோக்கி ஓடி மறைகிறது. ஊருக்குச் செல்லும்போதெல்லாம் கொள்ளிப்பாக்கையை ஆறு கிலோமீட்டர் தொலைவில் தாண்டியே சென்றிருக்கிறோம்!

ஊரும் கோயில்களும்

ஐப்பசித் திங்களில் நான் குடும்பத்துடன் சென்றிருந்தேன். மழை ஓய்ந்து, வெயில் கடுமை பெறாத காலம் அது. ஏரிகளில் நீர் நிற்கும். குன்றுச் சரிவுகளிற் சீத்தாப்பழம் பழுக்கும். சித்திரை, வைகாசி வெயிலில் சிறுவரையும் முதியோரையும் அழைத்துச் செல்லுதல் தகாது.

ஊரில் முதலிற் காணத்தக்கது சமணர் கோயில். சுவேதாம்பர சமணர்க்கு இது பெருந்திருத்தலம். குஜராத்திலிருந்தும் இராசத்தானத்திலிருந்தும் யாத்திரிகர் வருகின்றனர். ஆதிநாதரை இங்கு மாணிக்கசுவாமி என்று போற்றுகின்றனர். மகாவீரர் திருவுருவம் 4 அடிக்கு மேற்பட்ட உயரமுடையது. பச்சை நிற ஜேடு கல்லால் ஆனது. மெல்லிய ஒளி படும்போது அத்திருமேனி உள்ளிருந்தே ஒளிர்வது போலத் தோன்றுகிறது. கோயிலின் பெரும்பகுதி அண்மைக் காலத்தில் வடநாட்டுச் சிற்பிகளைக் கொண்டு புதுப்பிக்கப்பட்டது. சமணம் நமக்கு அயலானது அன்று. சித்தன்னவாசலில் சமணர் இருக்கையும் ஓவியமும் உண்டு. செஞ்சியை அடுத்த மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணர் மடம் இன்றும் இருக்கிறது. அங்கெல்லாம் போகாதவரும் இங்குச் சென்று அந்நெறியின் அமைதியை உணரலாம்.

அடுத்தது சோமேசுவரர் கோயில். வீரசைவர் போற்றும் ஐந்து ஆசாரியருள் ஒருவராகிய இரேணுகாசாரியர் இங்குள்ள இலிங்கத்தினின்று தோன்றினார் என்பது அவர்தம் நம்பிக்கை. இக்கோயில் வளாகத்திலேயே அரசு அருங்காட்சியகம் ஒன்று உண்டு. சாளுக்கியர் காலத்தும் காகதீயர் காலத்தும் சிற்பங்கள் வரிசையாக வைக்கப்பட்டுள்ளன. தீர்த்தங்கரர், நந்தி, தேவியர், துவாரபாலகர் எனப் பல உருவங்கள்; கையிழந்தவை சில, முகம் தேய்ந்தவை சில. கன்னட மொழியிற் பொறித்த கல்வெட்டுகளும் உள்ளன. தெலுங்கு நாட்டு ஊரில் கன்னடக் கல்வெட்டு. அவ்வூரின் பெயரைத் தாங்கிய தமிழ்க் கல்வெட்டோ காவிரிக் கரையில்! மொழிகளுக்கு இடையே நாம் இன்று போட்டுக்கொள்ளும் வேலிகள் அக்காலத்துக் கற்களுக்குத் தெரியவில்லை.

பத்து வயதான என் மகனுக்கு இராசேந்திரன் செய்தியை வழியிலேயே சொல்லியிருந்தேன். சிற்பங்களுக்கு நடுவே நின்று, "இது நம் அரசர் வென்ற ஊரா, அப்பா?" என்று மார்பை நிமிர்த்திக் கேட்டான். ஆம் என்பதில் தடை இல்லை, உண்மை அது. ஆனால் அவ்விடையோடு நிறுத்திவிட மனம் ஒப்பவில்லை. "வென்ற ஊர்தான்; கொளுத்திய ஊரும் கூட. அந்த நாளில் இவ்வூரில் உன் வயதுப் பையன் ஒருவன் இருந்திருப்பான் அல்லவா?" என்றேன். அவன் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு அருகிலிருந்த கைமுறிந்த சிற்பத்தைக் காட்டி, "இதை உடைத்தது நாமா?" என்று வினவினான். ஆயிரம் ஆண்டு மழையும் வெயிலும் பற்பல கைகளும் பட்ட கல் அது. யார் உடைத்தது என்று சொல்ல இயலாது என்பதை விளக்கினேன். சோழன் பெருமையைப் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். அதன் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிற மொழியார் நடுவே வாழப்போகும் பிள்ளைகளுக்கு இரண்டும் தேவை.

கோயில் வாயிலிற் சீத்தாப்பழம் விற்ற மூதாட்டி, எங்கள் பேச்சைக் கேட்டு எந்த ஊர் என்று தெலுங்கில் விசாரித்தார். தமிழ் நாடு, பிழைப்பு சிகந்தராபாத்தில் என்றோம். தம் மகனும் துபாயில் கட்டட வேலைக்குச் சென்றிருப்பதாகச் சொல்லி, என் மகன் கையில் விலையின்றி ஒரு பழத்தை வைத்தார். எம் முன்னோர் இவ்வூருக்குக் கொணர்ந்ததையும், இவ்வூரார் எம் பிள்ளைக்கு ஈந்ததையும் ஒருசேர நினைத்தேன்.

இவ்விடத்தில் ஒன்றைக் குறித்தல் தகும். கொலனுபாக்காவுக்கு அப்பால், ஜனகாம் மாவட்டத்தில் பாலகுர்த்தி என்னும் ஊர் உள்ளது. பசவபுராணத்தைத் தெலுங்கிற் பாடிய பால்குரிக்கி சோமநாதரின் பெயரோடு சேர்த்துப் பேசப்படும் ஊர் அது. அந்நூலில் நம் கண்ணப்பர் வருகிறார். சிறுத்தொண்டர் சிரியாளர் என்ற பெயரில் வருகிறார். சோழர் படை இப்பக்கம் கொணர்ந்த தீ சில நாளில் அணிந்திருக்கும். நாயன்மார் கதைகளோ தெலுங்கு மக்களின் வாயில் இன்றும் வாழ்கின்றன. தமிழ் நாட்டிலிருந்து இந்நாட்டுக்கு வந்தவற்றுள் நிலைத்தது எது என்பதை இதனால் அறியலாம்.

புவனகிரிப் பாறை

திரும்பும் வழியில் புவனகிரியில் இறங்குக. ஊரின் நடுவே சுமார் 500 அடி உயரத்துக்கு ஒரே பாறை எழுந்து நிற்கிறது. தொலைவிலிருந்து நோக்கின் கவிழ்த்த முட்டை போலவும், படுத்த யானை போலவும் தோன்றும். 1076 முதல் 1126 வரை ஆண்ட சாளுக்கிய மன்னன் ஆறாம் விக்கிரமாதித்தன், திரிபுவனமல்லன் என்ற பட்டப்பெயர் உடையவன். அவன் இப்பாறைமேற் கோட்டை எழுப்பினான். அதனால் திரிபுவனகிரி என்றாகிப் பின் புவனகிரி ஆயிற்று என்பர். தக்காணத்தின் இக்கருங்கற் பாறைகள் ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையவை. சாளுக்கியரும் சோழரும் இதற்கு நேற்று வந்தவரே.

மேலே ஏறப் பாறையிலேயே படிகள் வெட்டியுள்ளனர். உச்சியில் அரண்மனைச் சிதைவுகளும், மழைநீர் தேங்கும் சுனைகளும் உள்ளன. அங்கிருந்து கீழே நோக்கின் ஏரிகளும், வயல்களும், இரயில் பாதையும் விரித்த பாய் போலத் தெரியும். அரசியற் செய்தியும் உண்டு. மரமேறும் குலத்திற் பிறந்து முகலாய அதிகாரிகளை எதிர்த்துப் படை திரட்டிய சர்வாய் பாப்பண்ணா, 1708-ல் வாரங்கல்லைத் தாக்கிய பின் இப்புவனகிரியையும் தாக்கினார். 1710-ல் அவர் கொல்லப்பட்டார். அவரைப் பற்றிய பாட்டு இந்நாட்டுச் சிற்றூர்களில் நின்றது.

நம் பிள்ளைகளுக்கு இன்னொரு செய்தி இதனினும் இனிக்கும். விவசாயக் கூலியின் மகளாகிய மாலாவத் பூர்ணா என்ற சிறுமி, அரசின் சமூக நல உறைவிடப் பள்ளியிற் பயின்றவள். 2014-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் ஆனந்தகுமார் என்ற மாணவனுடன் எவரெஸ்ட் சிகரத்தை எட்டினாள். அப்போது அவளுக்கு வயது 14 நிரம்பவில்லை. அவ்விருவரும் பாறையேற்றத்தை முதன்முதலிற் பயின்றது இப்புவனகிரிப் பாறையில்தான்.

முழங்கால் வலி உள்ள பெரியோர் அடிவாரத்து நிழலில் அமர்ந்திருத்தல் நலம். ஏறுவோர் குடிநீர் கொண்டு செல்க, நண்பகலில் ஏறற்க. மழை நாளிற் படிகள் வழுக்கும்.

யாதகிரியும் பெம்பர்த்தியும்

யாதகிரிகுட்டை இலக்குமி நரசிம்மரை நம்மவரிற் பலர் தரிசித்திருப்பர். குகையில் உறையும் அப்பெருமான் கோயில் கருங்கல்லில் விரிவாகத் திருப்பணி செய்யப்பெற்று, 2022 மார்ச் 28-ல் மீண்டும் அன்பர் வழிபாட்டுக்குத் திறக்கப்பட்டது. வண்டி அமர்த்தி அங்கு வரை செல்வோர், தரிசனம் முடிந்ததும் திரும்பி விடுகின்றனர். இன்னும் சிறிது தொலைவு சென்றால் கொலனுபாக்கா என்பதை நினைவிற் கொள்க.

ஆலேருக்கு அப்பால், அதே இரயில் தடத்தில், பெம்பர்த்தி என்னும் சிற்றூர் உள்ளது. பித்தளைத் தகட்டைத் தட்டித் தட்டி உருவம் எழுப்பும் கம்மியர் அங்கு வாழ்கின்றனர். காகதீயர் காலத்திலிருந்து வழிவழி வந்த கைத்தொழில் என்பர். 2010-ல் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. நம் நாச்சியார்கோயில் குத்துவிளக்கு உலோகத்தை உருக்கி வார்ப்பது. பெம்பர்த்தி வேலையோ தகட்டை அடித்து எழுப்புவது. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் கண்ணால் காண்பது புத்தகத்திற் படிப்பதினும் மேல்.

ஒரே நாளில் இவை அனைத்தையும் காண முயலற்க. காலையில் கொலனுபாக்கா, மாலையில் புவனகிரி என்பது ஒரு நாளுக்குப் போதும். யாதகிரிக்கும் பெம்பர்த்திக்கும் வேறொரு நாள் வைத்துக் கொள்ளலாம்.

நாம் செய்யத்தக்கது

செல்லும் அன்பர்களுக்குச் சில வேண்டுகோள். முதலாவது, சென்ற இடத்தில் "நம் ஊர்க் கோபுரத்துக்கு இது ஈடாகுமா?" என்ற பேச்சை எடுக்க வேண்டா. ஒப்பிட்டு நோக்கும் கண் உயர்வு தாழ்வையே தேடும், இருப்பதைக் காணாது. இரண்டாவது, பிள்ளைகளைத் தெலுங்கிலேயே வழி கேட்கச் சொல்லுக. பள்ளித் தேர்வுக்காகப் படிக்கும் மொழி, வழி காட்டும் மொழியாக மாறுவது அப்போதுதான். மூன்றாவது, கட்டுச்சோறு கொண்டு செல்வோர் இலையையும் காகிதத்தையும் ஞெகிழிப் பையையும் அங்கே எறிந்து வாராது திரும்பக் கொண்டு வருக. நான்காவது, தேநீரும் பழமும் அவ்வூர்க் கடைகளிலேயே வாங்குக. நம்மால் ஊருக்கு நாலு காசு சேரட்டும்.

நம் சங்கத்தார்க்கும் ஒரு விண்ணப்பம். பொங்கல் விழாவும் ஆண்டு விழாவும் சிறப்புற நடத்துகிறோம். ஆண்டுக்கு ஒரு முறையேனும் நம் குடும்பங்களை இத்தகைய ஊர் ஒன்றுக்கு அழைத்துச் செல்லும் ஏற்பாட்டையும் அவற்றோடு சேர்த்துக் கொள்ளலாம். பெருஞ்செலவு இல்லை. பணிமுறை காரணமாக எல்லோர்க்கும் ஞாயிறு ஓய்வு வாய்ப்பதில்லை ஆதலின், இரு பிரிவாகப் பிரித்துச் சென்றாலும் நன்றே. செல்லுமுன் தமிழிலும் தெலுங்கிலும் அவ்வூரைப் பற்றிய சிறு குறிப்பு ஒன்றைப் பெரிய வகுப்பு மாணவரைக் கொண்டே எழுதுவித்தால் பயணம் அன்றே தொடங்கிவிடும்.

பணி ஓய்வு பெற்றதும் ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்று நம்மிற் பலர் சொல்கிறோம். திரும்புவோர் திரும்பலாம். நம் பிள்ளைகளிற் பலர்க்கு இதுவே ஊர். அவர்கள் இங்கு முகவரி மட்டும் உடையோராக வாழ்வதா, இம்மண்ணின் குன்றையும் ஏரியையும் பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்தோராக வாழ்வதா என்பது பெற்றோர் எடுத்துவைக்கும் அடியைப் பொறுத்தது. சோழன் மெய்க்கீர்த்தி கொள்ளிப்பாக்கையின் மதிலை மட்டுமே அறியும். அம்மதிலுக்கு உள்ளே வாழ்ந்தோரையும், இன்று வாழ்வோரையும் நம் பிள்ளைகள் அறியட்டும்.